முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு மருந்தைத் தேடுங்கள்



தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய முதல் நாள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓய்வு வேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "ஐயா, எங்க லோஹான் சாப்பிட மாட்டேங்குது. மூலையிலேயே நிக்குது. என்ன நோய்னு சொல்லுங்கய்யா" என்றாள். பள்ளி முடிந்ததும் அவளை அழைத்துச் செல்ல வந்த தந்தை, கைப்பேசியில் படத்தைக் காட்டினார். தொட்டி முழுவதும் மை கரைத்தாற்போல் நீலம். அந்த நீலத்துக்குள் கறுத்துப்போன ஒரு மீன், வாயைத் திறந்தபடி நீரின் மேற்பரப்பை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை மருந்து ஊற்றினீர்கள்?" என்று கேட்டேன்.

"மூன்று, சார். முதலில் வெண்புள்ளி மருந்து. அடுத்து வயிற்றுப்புழு மருந்து. நேற்றிரவு இந்த நீல மருந்து."

"வெண்புள்ளி இருந்ததா?"

"இல்லை. எதற்கும் போட்டு வையுங்கள் என்று கடையில் சொன்னார்கள்."

"தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா?"

"தண்ணீரையா? அது கண்ணாடிமாதிரி தெளிவாகத்தானே சார் இருந்தது!"

'எதற்கும் போட்டு வைப்போம்.' இந்த மூன்று சொற்களை எதிர்த்துத்தான் இப்பதிவை எழுதுகிறேன். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் மீன்தொட்டி வைத்திருப்போர் பலருடைய மருத்துவ நூல் இந்த மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது. நான் கண்டவரையில் வீட்டு மீன்கள் சாவது பெரும்பாலும் நோயினால் அன்று. கெட்டுப்போன தண்ணீரால் சாகின்றன. அத்தண்ணீரில் நாம் மேலும் ஊற்றும் மருந்தினால் சாகின்றன. இதையெல்லாம் நாம் செய்வது பிள்ளைகளின் கண்ணெதிரே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

குற்றம் சாட்டுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு லோஹானைக் கொன்றவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் மூன்றடித் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். காலையில் தொட்டியை நிரப்பி மாலையில் மீனை விட்டேன். ஒன்பதாம் நாள் மீன் கறுத்தது. துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டது. உணவைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடையில் போய்ச் சொன்னேன். உள்ளே புழு இருக்கும் என்றார்கள். மருந்து வாங்கி ஊற்றினேன். குணமாகவில்லை. இன்னொரு கடையில் பூஞ்சை என்றார்கள். அதற்கும் ஊற்றினேன். நான்காம் நாள் இரவு, ஓர் எதிருயிரி மருந்துப் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டினேன். மறுநாள் காலை மீன் பக்கவாட்டில் மிதந்தது. அதன் பிறகுதான், ஒரு நண்பர் கொடுத்த சோதனைக் குப்பியில் அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அத்தனையும் அம்மோனியா. அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியன் வீட்டில் நடந்தது இது!

இந்த மீனைப் பற்றிச் சில சொற்கள். ஃபிளவர்ஹார்ன் என்றும் லோஹான் என்றும் நாம் அழைக்கும் இம்மீன் எந்த ஆற்றிலும் இயற்கையாகத் தோன்றியதன்று. 1990களில் நம் மலேசிய மண்ணில், நடு அமெரிக்காவைச் சேர்ந்த சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினம் அது. நம் சந்தையில் விற்கும் திலாப்பியாவும், தொட்டிகளில் வளரும் டிஸ்கஸ், ஆஸ்கார், ஏஞ்சல் மீன்களும் அதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2000ஆம் ஆண்டையொட்டி இம்மீன்மேல் இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் எழுந்த மோகத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நெற்றிப் புடைப்புப் பெரிதானால் வீட்டுக்குச் செல்வம் வரும் என்றார்கள். விலாவில் உள்ள கரும்புள்ளிகளைச் சீன எழுத்துகளாகப் படித்தவர்கள் உண்டு. நான்கு இலக்க எண்களாகப் படித்துச் சீட்டு எடுத்தவர்களும் உண்டு.

அந்த விலாவை அவ்வளவு உன்னிப்பாக உற்றுநோக்கிய நாம், அதே மீனின் செவுள் ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இனி, தெளிவாக இருக்கும் தண்ணீர் எப்படி நஞ்சாகும் என்பதைப் பார்ப்போம். மீன் தன் உடற்கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்வழியே வெளியேற்றுகிறது. மீந்த உணவும் கழிவும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, தொட்டியில் சேரும் அளவில் நம் மூக்குக்கும் எட்டாது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? அங்குதான் நம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் துணைக்கு வருகின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதன் கேடு மிகக் குறைவு. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினால் அது வெளியேறிவிடும். இந்த இரண்டாம் வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்பதை 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் கற்களிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் அன்று ஒன்பது நாள்கூடப் பொறுக்காமல் மீனை விட்டேன். இல்லாத புழுவுக்கு மருந்து தேடினேன்.

மருந்து நஞ்சாகும் இடமும் இதுவே. நாம் 'எதற்கும்' ஊற்றும் மெத்திலீன் நீலமும், சில எதிருயிரிகளும் நோய்க்கிருமியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை. அம்மோனியாவைத் தின்று மீனைக் காத்துவரும் பாக்டீரியாக்களையும் அவை முடக்குகின்றன. அம்மோனியாவால் மூச்சுத் திணறும் மீனுக்கு மருந்து ஊற்றுகிறோம். அம்மருந்தால் அம்மோனியா இன்னும் ஏறுகிறது. மீன் மேலும் தளர்கிறது. நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அடுத்த குப்பியைத் திறக்கிறோம். எரிகிற வீட்டில் எண்ணெயை ஊற்றிவிட்டு, ஏன் அணையவில்லை என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அப்படியானால் நோயை அறிவது எப்படி? என் பட்டறிவில் கற்ற வரிசையைத் தருகிறேன்.

ஒன்று: மீனைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் அமைதியாகப் பாருங்கள். செவுள் ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை அசைகிறது? இரு செவுள்களும் அசைகின்றனவா? துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா, ஒடுங்கியிருக்கின்றனவா? மேற்பரப்பில் வாயைத் திறந்து நிற்கிறதா, அடியில் படுத்திருக்கிறதா? கல்லில் உடலை உரசுகிறதா? கழிவு என்ன நிறம்? பார்த்ததை எழுதி வையுங்கள்.

இரண்டு: தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி, நைட்ரேட் பத்து இலட்சத்தில் 40 பங்குக்குக் கீழே. இவை இருக்க வேண்டிய அளவுகள். அத்தோடு பிஎச் அளவையும் வெப்பநிலையையும் பாருங்கள். பிஎச் 7ஆக இருக்கும் 28 பாகை செல்சியஸ் நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே கொடிய வடிவில் இருக்கும். பிஎச் 8ஆனால் அந்தப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே ஒரே அம்மோனியா அளவு ஒரு தொட்டியில் மீனை வாட்டும். இன்னொரு தொட்டியில் கொன்றுவிடும்.

மூன்று: கடந்த இரண்டு வாரங்களில் என்ன மாறியது என்று கேளுங்கள். புதிய மீன் வந்ததா? உணவு மாறியதா? வடிகட்டி நின்றதா? பஞ்சைக் குழாய்நீரில் கழுவினீர்களா? குழாய்நீரில் உள்ள குளோரின் நோய்க்கிருமியைக் கொல்வதற்காகச் சேர்க்கப்பட்டது. நம் பஞ்சில் வாழும் பாக்டீரியா நல்லதா கெட்டதா என்று அது கேட்பதில்லை. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். சிங்கப்பூர் அன்பர்களுக்கு ஒரு சொல்: உங்கள் குழாய்நீரில் இருப்பது குளோரமின். வாளியில் ஓரிரவு வைத்திருந்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். அதற்குரிய நீர்ப் பக்குவிப்பானைச் சேர்க்கத்தான் வேண்டும்.

நான்கு: இவற்றுக்குப் பிறகே நோயின் பெயரைத் தேடுங்கள்.

ஏன் இந்த வரிசையை வற்புறுத்துகிறேன்? மீன் காட்டும் அறிகுறிகள் மிகச் சில. நோய்களோ மிகப் பல. மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கியிருக்கலாம். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்க முடியாதபடி இரத்தத்தைப் பழுப்பாக்கியிருக்கலாம். செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். அல்லது, நீரில் உயிர்வளியே குறைந்திருக்கலாம். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நம் நாட்டு வெப்பமான 28 பாகையில் அது 8 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். நான்கு காரணங்கள், ஒரே அறிகுறி. இந்த நான்கையும் படத்தைப் பார்த்தே பிரித்தறியும் வல்லுநர் எவரும் இல்லை. என்னாலும் முடியாது.

வெள்ளை நூல்போன்ற கழிவும் அப்படித்தான். கண்டவுடன் 'புழு' என்கிறார்கள். குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற ஒட்டுண்ணி பெருகினாலும் அப்படி வரும். மீன் சில நாள் உண்ணாமல் இருந்தாலும் குடலின் சளி மட்டும் அப்படியே வெளிவரும். உறுதியாக அறிய நுண்ணோக்கி வேண்டும். நெற்றியிலும் முகத்திலும் சிறு குழிகள் விழும் 'தலைக்குழி நோய்' சிக்லிட் மீன்களிடையே பேர்போனது. அதிலும் அந்த ஒட்டுண்ணியின் பெயர் அடிபடுகிறது. ஆயினும், மாதக்கணக்கில் மாற்றாத நீரும் ஒரே வகையான சத்தற்ற உணவும் அதனோடு சேர்ந்தே காணப்படுகின்றன. மெட்ரோனிடசோல் கொடுத்து ஒட்டுண்ணியை ஒடுக்கினாலும், பழைய நீரும் பழைய உணவும் தொடர்ந்தால் குழிகள் திரும்ப வருவதில் என்ன வியப்பு?

சிக்லிட் மீன்களுக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடம் மாற்றினாலோ தொட்டியின் கற்களைக் கலைத்தாலோ அவை சில நாள் உண்ணாமல் மூலையில் படுத்துக்கொள்ளும். நிறம் மங்கும். பிணங்கிக்கொண்ட பிள்ளையைப் போலத்தான். நீர் சரியாக இருந்து, செவுள் சீராக அசைந்தால், அந்த மீனுக்கு வேண்டிய மருந்து நம் பொறுமைதான்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். வெண்புள்ளி நோய் உண்மையான நோய். உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் புள்ளிகள் இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருந்திட வேண்டும். அதிலும் அறிவு வேண்டும். தோலுக்குள் புதைந்திருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது உதிர்ந்து, அடியில் பெருகி, குட்டிகள் நீந்தி வெளிவரும் பருவத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துபவர், அடுத்த வாரம் அதைவிடப் பெரிய படையைப் பார்ப்பார்.

அளவும் அப்படியே. 'ஒரு மூடி ஊற்றினேன்' என்கிறார்கள். எவ்வளவு நீருக்கு? நம் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கன அளவு படிக்கிறார்களே, அவர்களைக் கூப்பிடுங்கள். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், நீரின் உயரம் 40 செ.மீ. பெருக்கினால் 1,62,000 கன சென்டிமீட்டர், அதாவது 162 லிட்டர். மணலும் கல்லும் அடைத்த இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 150 லிட்டர். குப்பியில் 40 லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் என்றிருந்தால் வேண்டியது ஏறத்தாழ 19 மில்லிலிட்டர். வடிகட்டியில் கரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஊற்றிய மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும். இதைக் கணக்கிட ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். நூற்பயிற்சியில் வரும் பத்துக் கணக்குகளைவிட இந்த ஒரு கணக்கு அதன் மனத்தில் நிற்கும்.

இனி, நான் வழக்கமாகக் கேட்கும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

"கடைக்காரருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" கடைக்காரர்களில் நல்ல அறிவுடையவர்கள் இருக்கிறார்கள். 'ஒரு குப்பியில் தண்ணீர் கொண்டு வாருங்கள், சோதித்துச் சொல்கிறேன்' என்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மருந்தை எடுத்து நீட்டுபவர் விற்பனையாளர் மட்டுமே. நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், நாடி பிடிக்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் மறுமுறை போவோமா?

"சோதனைப் பெட்டி வாங்கச் செலவாகுமே!" மூன்று மருந்துக் குப்பிகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். இறந்த மீனின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பேசுவோம்.

"ஒரு மீன்தானே ஐயா, இதற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" இந்தக் கேள்விக்குத்தான் சற்று விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன்.

நம் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் இருக்கின்றன. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல் என்று பட்டியல் நீள்கிறது. ஆசிரியர்களாகிய நமக்கு அது தலைகீழ்ப் பாடம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் 'ஊகம்' எழுதுவதற்கென்றே ஒரு வாய்பாடு செய்து, பிள்ளைகளை மனனம் செய்ய வைத்தோம். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. வாய்பாட்டை நாம் இன்னும் விட்டபாடில்லை. உற்றறிதல் என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அதே வகுப்பின் பின்புறம் உள்ள தொட்டியில் மீன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், ஆசிரியர் மேசை இழுப்பறையிலிருந்து நீலக் குப்பியை எடுத்து வருவார். நாற்பது கண்கள் அதைக் காண்கின்றன. 'பார்க்க வேண்டாம், அளக்க வேண்டாம், கேட்க வேண்டாம். எதையாவது ஊற்று' என்ற பாடத்தை அக்கண்கள் நம்மிடமிருந்தே கற்கின்றன.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். அதன் 948ஆம் குறளை மேடையேறி ஒப்புவித்துப் பரிசு வாங்காத தமிழ்ப்பள்ளி இந்நாட்டில் இருக்குமா? பிணி எதுவென அறிந்து, அது எதனால் வந்தது என அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே செயலில் இறங்கு என்பதுதானே அதன் பொருள்? மருந்து கடைசியில் வருகிறது. நாமோ அக்குறளைக் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். முன்னால் உள்ள மூன்றையும் போட்டி மேடைக்கு ஒதுக்கிவிட்டோம்.

பெற்றோரிடம் இன்னொரு குறை எனக்குண்டு. மீன் செத்துவிட்டால், பிள்ளை எழுவதற்குள் அதேபோல் இன்னொன்றை வாங்கி வந்து விட்டுவிடுகிறார்கள். பிள்ளை அழக்கூடாது என்ற அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதே தண்ணீரில்தானே அடுத்த மீனும் விழுகிறது? முதல் மீனைக் கொன்றது எது என்று கேட்கும் வாய்ப்பையே அன்று மூடிவிடுகிறோம். சில பிள்ளைகள் கண்டுபிடித்தும் விடுகிறார்கள். நெற்றிப் புடைப்பின் வடிவம் அவர்களுக்கு மனப்பாடம். கண்டுபிடித்த பிள்ளை நம்மிடம் அதைச் சொல்வதில்லை. அப்பாவும் அம்மாவும் பொய் சொல்வார்கள் என்பதைமட்டும் மனத்தில் குறித்துக்கொள்கிறது.

வேறு சிலர், 'வீட்டில் சாக வேண்டாம்' என்று நோயுற்ற மீனை ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விடுகிறார்கள். இது புண்ணியம் இல்லை. மோகம் தணிந்த காலத்தில் இப்படி விடப்பட்ட லோஹான்கள் இந்நாட்டு நீர்நிலைகளிலும் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களிலும் பெருகி, நம் மண்ணின் மீன்களை விரட்டுகின்றன. நோயோடு விடப்படும் மீன் அந்நோயையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

சரி, அந்த மாணவியின் மீன் என்னாயிற்று?

தந்தையிடம் கேட்கக் கேட்கக் கதை வெளிவந்தது. தீபாவளிக்கு வீட்டைக் கழுவியபோது தொட்டியையும் கழுவியிருக்கிறார்கள். மணலைக் கொட்டிப் புதிதாக இட்டார்கள். பழைய பஞ்சு அழுக்காக இருக்கிறதென்று எறிந்துவிட்டுப் புதியது வைத்தார்கள். தண்ணீர் முழுவதையும் மாற்றினார்கள். அதாவது, இரண்டாண்டுகளாக வளர்ந்திருந்த பாக்டீரியாக் குடும்பத்தை ஒரே காலையில் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. வந்த பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு கை மீனுணவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எவர்மேல் குற்றம் சொல்வது? எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள்.

அன்று மாலையே சோதித்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சோதனை நிறத்தை வைத்துத்தான் அளவு சொல்கிறது. நீல நீரில் எந்த நிறத்தைக் காண்பது? மருந்து நம் கண்ணையும் கட்டிவிட்டது. குழாய்நீரைப் பக்குவப்படுத்தி, இரண்டு நாளில் இரண்டு முறை பாதி நீர் மாற்றி, வடிகட்டியில் கரி இட்டு, நீலம் மங்கிய பிறகே சோதித்தோம். அவ்வளவு மாற்றிய பின்னும் அம்மோனியா பத்து இலட்சத்தில் 2 பங்கு இருந்தது. முதல் நாள் எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உணவை நிறுத்தச் சொன்னேன். காற்றுக்குழாய் ஒன்றைக் கூடுதலாக இட்டார்கள். பள்ளித் தொட்டியில் பழகியிருந்த பஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். அந்தப் பஞ்சுத் துண்டிலிருந்த பாக்டீரியாதான் உண்மையான மருந்து. நாள்தோறும் சோதித்து, அளவைப் பார்த்து நீர் மாற்றச் சொன்னேன். நடுவில் நைட்ரைட் ஏறியது. அதற்கு லிட்டருக்கு 1 கிராம் உப்புச் சேர்த்தோம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள்வழியே நைட்ரைட் புகுவதைத் தடுக்கும்.

இவற்றையெல்லாம் செய்தவள் அந்த மாணவிதான். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நாள், நேரம், அம்மோனியா, நைட்ரைட், செவுள் அசைவு எனக் கோடு போட்டு எழுதி வந்தாள். முதல் நாள் நிமிடத்திற்கு 126. ஒன்பதாம் நாள் 78. பதினோராம் நாளுக்கு எதிரே, 'ஒரு உருண்டை சாப்பிட்டது. துப்பவில்லை' என்று எழுதியிருந்தாள். என் ஆசிரியப் பணியில் நான் திருத்திய அறிவியல் விடைகளில் இதைவிட நேர்மையான உற்றறிதலைப் படித்ததில்லை.

மீன் முழுமையாகத் தேறிவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒரு பக்கச் செவுள் மூடி இன்னும் முழுதாக மூடுவதில்லை. நெற்றிப் புடைப்பு வற்றிவிட்டது. திரும்ப வருமா என்று அவள் கேட்டாள். தெரியவில்லை, பார்ப்போம் என்றேன். அவள் அதையும் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

ஆசிரியப் பெருந்தகைகளே, பெற்றோர்களே, நான் உங்களிடம் கேட்பது பெரிதொன்றுமில்லை. வகுப்புத் தொட்டிக்கு அருகில் இருக்கும் மருந்துக் குப்பிகளை எடுத்து அலமாரியில் பூட்டுங்கள். அவ்விடத்தில் ஒரு சோதனைப் பெட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். வாரம் ஒரு பிள்ளை சோதித்து எழுதட்டும். மீன் நோயுற்றால் உடனே பெயர் சூட்டாதீர்கள். 'தெரியவில்லை, வா பார்ப்போம்' என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் நம் மதிப்பு குறைந்துவிடாது. எதையும் பார்க்காமலே நோயின் பெயரைச் சொல்லும்போதுதான் குறைகிறது.

சென்ற ஞாயிறு அந்தத் தந்தை அழைத்திருந்தார். பொங்கலுக்கு வீடு கழுவப் போகிறார்களாம். "தொட்டியை மட்டும் தொடவே கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள், சார்" என்றார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்